கோட்டுக்கு முன்னால் தீர்ந்துபோன கரண்ட்

சத்தமில்லாச் சக்கரங்கள் – 9

புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறி இறங்கும் மலைச்சாலையில் லாரி ஓட்டிப் பழகியவர்கள் ஒரு விதியை மீறமாட்டார்கள். எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில்தான் இறங்குவார்கள். போன ஆனியில், குற்றாலத்துச் சாரல் செங்கோட்டை தாண்டியும் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், எஸ் வளைவுக்குக் கீழே ஒரு டீக்கடையில் ஒதுங்கியிருந்தேன். பக்கத்தில் பாவூர்சத்திரத்துக் காய்கறி லோடோடு கொல்லத்துக்குக் கிளம்பிய டிரைவர் ஒருவர்.

"நியூட்ரல்ல போட்டு எறக்குனா டீசல் மிச்சம்னு சின்னப் பயலுவ நெனைக்கானுவ அண்ணாச்சி. பிரேக் சூடாகிப் புடிக்காமப் போச்சுன்னா என்ன செய்வானுவ? எஞ்சின்தான் வண்டியப் புடிக்கணும்" என்றார்.

மின்சார வண்டியில் மோட்டாரே வண்டியைப் பிடிக்கும், பிடிக்கிற நேரத்தில் அது டைனமோ மாதிரி வேலை செய்து பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பித் தரும் என்று நான் விளக்கினேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியா சொல்லுதீய? அப்போ எறக்கமும் ஒரு சம்பாத்தியம்லா?"

இந்த அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 2011இல் பாரிஸ் உணவகம் ஒன்றில் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் தலைவர் ஜான் டோட்டும் ஸ்பெயின்காரர் அலெஹாந்த்ரோ அகாகும் மேசைத் துடைப்பானில் எழுதிப் பார்த்த யோசனை, ஃபார்முலா ஈ என்ற மின்சாரப் பந்தயமாக வளர்ந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். தொடக்கத்தில் களமிறங்கிய அணிகள் பத்து. அவற்றில் ஒன்றின் பெயர் நம் ஊர்த் தெருக்களில் தினமும் ஓடுகிறது. ஜீப்பும் டிராக்டரும் செய்கிற மஹிந்திரா.

மும்பைப் பணம், பெங்களூர் பேட்டரி, சென்னைப் பிள்ளை

டிராக்டர் கம்பெனிக்கு ரேஸ் எதற்கு என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் மஹிந்திராவுக்கு அது முதல் பந்தயம் இல்லை. 2011 முதலே உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் 125 சிசி பிரிவில் இருந்தார்கள். பிறகு மோட்டோ3 பிரிவு. 2016இல் நெதர்லாந்தின் ஆஸனில் அவர்களுக்கு அங்கே முதல் வெற்றியைத் தந்தவர் ஃபிரான்செஸ்கோ பன்யாயா. இவர்தான் பின்னாளில் மோட்டோஜிபியில் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர்.

மின்சாரமும் அவர்களுக்குப் புதிதல்ல. சேத்தன் மைனியின் ரேவா கம்பெனி 2001இல் பெங்களூரிலிருந்து சாலைக்கு அனுப்பிய குட்டிக் காரை நினைவிருக்கலாம். 2010இல் அந்தக் கம்பெனி மஹிந்திராவின் கைக்கு வந்தது. பேட்டரிக் கார் செய்யத் தெரிந்த ஆட்கள் வீட்டுக்குள் வந்தாயிற்று. 'பேட்டரிக் கார் என்றால் பொம்மை வண்டி' என்ற ஏளனத்தை உடைக்க ஒரு மேடைதான் பாக்கி. 2013இல் ஃபார்முலா ஈயில் பெயரைப் பதிவு செய்தார்கள். அணியின் தலைவராக தில்பாக் கில் வந்தார்.

ஓட்டுநர்கள் இருவர். ஒருவர் பிரேசிலின் புரூனோ சென்னா. அயர்டன் சென்னாவின் சகோதரி மகன். இன்னொருவர் சென்னைக்காரர், கருண் சந்தோக். சந்தோக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுப் பந்தயத்துக்கும் மூன்று தலைமுறைப் பந்தம். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய நாட்களை முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அந்தப் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர் கருணின் தாத்தா இந்து சந்தோக்.

சென்னாவும் சந்தோக்கும் ஒரே அணியில் இருப்பது இது இரண்டாவது தடவை. 2010இல் ஹிஸ்பானியா என்ற ஏழை ஃபார்முலா 1 அணியில் இருவரும் சேர்ந்து பட்ட பாடு கொஞ்சமல்ல. பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தில், தகுதிச் சுற்று தொடங்கும்போதுதான் கருணின் கார் முதன்முதலாக ஓட்டத்துக்கே தயாரானது. இல்லாமையில் பழகிய அந்த இருவரிடம்தான், சிக்கனமே ஜெயிக்கிற பந்தயத்தில் மஹிந்திரா தன் கார்களைக் கொடுத்தது.

28 யூனிட்

2014 செப்டம்பர் 13. பெய்ஜிங் ஒலிம்பிக் பூங்காவைச் சுற்றி முதல் பந்தயம். அந்த ஆண்டு எல்லா அணிக்கும் ஒரே கார். சட்டகம் இத்தாலியின் டல்லாரா செய்தது, மோட்டார் மெக்லாரன், பேட்டரி வில்லியம்ஸ். அந்த பேட்டரியில் பந்தயத்துக்குப் பயன்படுத்தக்கூடிய அளவு 28 கிலோவாட் மணி. நம் பாஷையில் 28 யூனிட்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று மின்வாரிய அட்டையைப் பார்த்துப் பார்த்து விசிறியை அணைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த எண் உடனே புரியும். 75 வாட் விசிறி ஒன்று இரவுபகலாகப் பதினைந்தரை நாள் சுற்றினால் ஏறக்குறைய 28 யூனிட். அன்றைய ஃபார்முலா ஈ காரோ பந்தயத்தில் 150 கிலோவாட் வரை இழுக்கும். வகுத்துப் பாருங்கள்: ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே இருந்தால் பதினோரு நிமிடத்தில் பேட்டரி காலி. பந்தயமோ சுமார் 50 நிமிடம். அதனால் ஓட்டுநருக்கு ஆளுக்கு இரண்டு கார்கள். பாதியில் பிட்டுக்குள் வந்து, ஒரு காரிலிருந்து குதித்து இன்னொரு காரில் ஏறி ஓட வேண்டும். அப்படியும் ஒரு கார் 25 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

பதினோரு நிமிடச் சரக்கை 25 நிமிடத்துக்கு நீட்டுவதுதான் இந்த விளையாட்டின் சூட்சுமம். வளைவு வருமுன்பே காலை எடுத்துவிட வேண்டும். கார் தன் வேகத்திலேயே உருளட்டும். பிறகு பிரேக், அந்தப் பிரேக்கில் கொஞ்சம் கரண்ட் திரும்பி வரும். எவ்வளவு சீக்கிரம் காலை எடுப்பது, எவ்வளவு தாமதமாக எடுப்பது என்கிற அந்த இழையில்தான் வெற்றி தோல்வி. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் இருபது பேரும் அங்கே இருந்தார்கள். மெதுவாக ஓட்டுவதில் யார் வேகம் என்பதுதான் கேள்வி.

பெய்ஜிங்கில் கருண் ஐந்தாவதாக வந்தார். முதல் நாளுக்கு நல்ல பலன். அதே பந்தயத்தின் கடைசி வளைவில் முதலிடத்துக்காக மோதியதில் ஜெர்மனியின் நிக் ஹைட்ஃபெல்டின் கார் காற்றில் பறந்து கவிழ்ந்தது. அவர் உயிரோடு எழுந்து நடந்து வந்ததை உலகமே பார்த்தது. மோதிய இருவரையும் தாண்டிப்போய் ஜெயித்தவர் பிரேசிலின் லூக்காஸ் டி கிராஸி. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வையுங்கள், திரும்ப வரும்.

முதல் ஆண்டின் முடிவில் பத்து அணிகளில் மஹிந்திராவுக்கு எட்டாம் இடம். கருண் அந்த ஆண்டோடு விலகினார். அதன்பின் இன்றுவரை மஹிந்திராவின் நிரந்தர ஓட்டுநர் இருக்கையில் எந்த இந்தியரும் அமரவில்லை.

பெர்லினில் ஒரு ஓடுதளம்

இரண்டாம் ஆண்டில் விதி மாறியது. மோட்டாரையும் அதைச் சார்ந்த மின்னணுக் கருவிகளையும் கியர்பாக்ஸையும் அணிகள் தாங்களே செய்துகொள்ளலாம். மஹிந்திராவின் கார் எம்2 எலெக்ட்ரோ என்று பெயர் பெற்றது. பெய்ஜிங்கில் பறந்து விழுந்த ஹைட்ஃபெல்டையே அணிக்குக் கூட்டிவந்தார்கள். ஃபார்முலா 1இல் 183 பந்தயம் ஓடி, 13 முறை மேடையேறி, ஒருமுறைகூட முதலிடம் பார்க்காத மனிதர். 2015 அக்டோபரில் பந்தயம் மறுபடி பெய்ஜிங்குக்கு வந்தது. ஓராண்டுக்கு முன் தலைகீழாகக் கிடந்த அதே ஊரில் மூன்றாவதாக வந்து, மஹிந்திராவுக்கு முதல் மேடையை வாங்கித் தந்தார் ஹைட்ஃபெல்ட்.

அடுத்து ஸ்வீடனிலிருந்து ஃபெலிக்ஸ் ரோசன்குவிஸ்ட் வந்தார். 2017 ஜூன் 10, பெர்லினின் டெம்பல்ஹோஃப். விமானம் இறங்குவதை நிறுத்திவிட்ட பழைய விமான நிலையத்தின் கான்கிரீட் தரைதான் பந்தயத் தடம். சோழவரத்து ஓடுதளத்தில் தொடங்கிய நம் ஊர்ப் பந்தயத்தின் வாரிசு ஒன்று, இன்னொரு ஓடுதளத்தில் முதல் வெற்றியைப் பெற்றது. மறுநாளும் அதே தடத்தில் ரோசன்குவிஸ்டே கோட்டை முதலில் கடந்தார். ஆனால் கார் மாற்றும்போது பாதுகாப்பில்லாமல் வெளியே விட்டதாக அணிக்குப் பத்து விநாடி தண்டனை. முதலிடம் இரண்டாமிடமானது. அந்த ஆண்டு அணிக்கு மொத்தத்தில் மூன்றாம் இடம்.

அதே ஆண்டு டிசம்பரில் ஹாங்காங்கில் காற்று இவர்கள் பக்கம் திரும்பியது. ஜெயித்த டேனியல் ஆப்ட்டுக்கு அன்று 25ஆவது பிறந்தநாள். கேக் வெட்டியிருப்பார், சில மணி நேரத்தில் காரின் பாகங்களில் ஒட்டிய முத்திரை எண்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று வெற்றி பறிக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த ரோசன்குவிஸ்ட் முதலாமவர் ஆனார். 2018 ஜனவரியில் மராக்கேஷில் எந்த வில்லங்கமும் இல்லாமல் இன்னொரு வெற்றி.

பட்டமே கைக்கு வந்துவிடும் போலிருந்தது. மெக்சிகோவில் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது கார் நின்றது. ரோமில் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது பின்சக்கர சஸ்பென்ஷன் ஒடிந்தது. அந்த இரண்டு நாட்களோடு பட்டக் கனவும் போயிற்று. ரோசன்குவிஸ்ட் அமெரிக்காவின் இண்டிகாருக்குப் போய்விட்டார்.

மெக்சிகோ, 2019 பிப்ரவரி 16

இனி வருவதுதான் இந்த அணியின் நடுமையம்.

2018 டிசம்பரில் இரண்டாம் தலைமுறைக் கார் வந்தது. பேட்டரி ஏறக்குறைய இரட்டிப்பானது. கார் மாற்றும் கூத்து முடிந்தது. ஒரே வண்டி, 45 நிமிடம், அதற்கு மேல் ஒரு சுற்று. இந்தக் கடைசி வரியில்தான் கண்ணி. நேரம் முடிகிற நொடியில் முன்னணிக் கார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஓட வேண்டிய சுற்று ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். மிச்சமிருக்கும் கரண்டை எத்தனை சுற்றுக்குப் பங்கு வைப்பது? சந்தைக்குப் போகும்போது வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரியாமல் காய் வாங்குவது போன்ற கணக்கு.

ஜனவரியில் மராக்கேஷில், முன்னால் போன பிஎம்டபிள்யூ அணியின் இரண்டு கார்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள, பின்னால் வந்த மஹிந்திராவின் ஜெரோம் டாம்ப்ரோஸியோ ஜெயித்திருந்தார். மோதிய பிஎம்டபிள்யூ ஓட்டுநர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் சிம்ஸ். மஹிந்திராவின் இன்னொரு ஓட்டுநர் பாஸ்கல் வேர்லைன், ஜெர்மானியர், அப்போது 24 வயது. மெக்சிகோ அவருக்கு இந்தப் பந்தயத்தில் மூன்றாவது களம். முதலிடத்திலிருந்து கிளம்பினார். விபத்தொன்றால் பந்தயம் நடுவில் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியது. அப்போதும் அவர்தான் முன்னால்.

கடைசிச் சுற்றில் நிஸான் அணி கணக்கில் கோட்டைவிட்டது. ஒரு சுற்று குறைவாகக் கணக்கிட்டுக் கரண்டைச் செலவழித்துவிட்டார்கள். ஆலிவர் ரோலண்ட், செபாஸ்டியன் புவேமி இருவரின் கார்களும் அடுத்தடுத்து மூச்சு நின்றன. வேர்லைன் ஓடிக்கொண்டிருந்தார், ஆனால் அவரிடமும் சொட்டுகள்தான் மிச்சம். முதுகுக்குப் பின்னால் டி கிராஸி. வலப்பக்கம் வருகிறார், வேர்லைன் மறிக்கிறார். இடப்பக்கம் வருகிறார், மறிக்கிறார். ஒரு வளைவைக் குறுக்கே வெட்டியும் போனார்.

கடைசி வளைவு தாண்டியாயிற்று. கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே வேர்லைனின் கார் தளர்ந்தது. ஓடிவந்த பிள்ளை வாசற்படியில் கால் மடங்கி உட்கார்ந்ததுபோல. கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது டி கிராஸி பக்கவாட்டில் வந்து தாண்டினார். வித்தியாசம் கால் விநாடிகூட இல்லை. வளைவை வெட்டிப் போனதற்கு ஐந்து விநாடி தண்டனை வேறு. பந்தயம் முழுக்க முன்னால் வந்தவருக்கு ஏட்டில் ஆறாம் இடம்.

அந்த முடிவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வேர்லைன் மெதுவாக ஓட்டியதால் தோற்கவில்லை. டி கிராஸியும் அன்று அதிக வேகத்தால் ஜெயிக்கவில்லை. அவர் பின்னால் இருந்தபடியே கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தார். முன்னால் போகிறவன் காற்றை எதிர்த்து முட்டி, தனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து வழி திறக்கிறான். தென்காசிக் கோயில் வாசலில் எதிர்க்காற்றில் நுழைந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் பாதிக் காற்றுதான் நம் மேல் படும். அன்று மெக்சிகோவில் அந்த முதுகு வேர்லைனுடையது.

பறித்தவர்களே வந்தார்கள்

அதன்பின் இறக்கம். 2020இல் கொரோனாவால் மீதிப் பந்தயங்கள் ஆறும் ஒன்பது நாளில் டெம்பல்ஹோஃபிலேயே நடந்தன. அதற்கு முன்பே வேர்லைன் விலகி, பின்னர் போர்ஷேவில் சேர்ந்தார். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த புதிய மோட்டார் அமைப்பு, எதிர்பார்த்த உயரத்துக்கு அணியைக் கொண்டுபோகவில்லை. பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை சரிந்தார்கள்.

நடுவில் ஒரு வெளிச்சம் 2021 ஜூலை 25. லண்டனில் எக்ஸெல் கண்காட்சிக் கூடத்துக்குள்ளே புகுந்து வெளியே வரும் விசித்திரத் தடம். பாதுகாப்புக் காருக்குப் பின்னால் எல்லோரும் ஊர்ந்துகொண்டிருந்தபோது டி கிராஸி பிட் பாதை வழியாகக் குறுக்கே புகுந்து முதலிடத்தில் முளைத்தார். நடுவர்கள் விடவில்லை, அதற்கான தண்டனையை அவர் நிறைவேற்றாததால் தகுதிநீக்கம். மஹிந்திராவின் அலெக்ஸ் லின் ஜெயித்தார். அவருக்கு அது முதல் வெற்றி. இரண்டாவதாக வந்தவர் நெதர்லாந்தின் நிக் டி வ்ரீஸ். அந்த ஆண்டின் உலக சாம்பியன்.

இங்கே ஒரு நிமிடம் நின்று ஆள் வரிசையைப் பாருங்கள். மராக்கேஷில் மோதி வழிவிட்ட சிம்ஸ், 2020 இறுதியில் மஹிந்திராவுக்கு வந்தார். மெக்சிகோவில் கணக்குத் தவறி நின்ற ரோலண்ட் 2022இல் வந்தார். மெக்சிகோ வெற்றியைப் பறித்த டி கிராஸியே 2023இல் மஹிந்திரா உடையில் நின்றார். முதல் பந்தயத்திலேயே, அதே மெக்சிகோ தடத்தில், முதலிடத்திலிருந்து கிளம்பி மூன்றாவதாக வந்தார். லண்டனில் தோற்ற டி வ்ரீஸ், அதே 2023இல் ஃபார்முலா 1இல் பத்துப் பந்தயத்தோடு வேலையிழந்து, அடுத்து வந்து சேர்ந்தது இங்கேதான்.

இங்கிருந்து போனவர்களின் கணக்கும் உண்டு. வேர்லைன் போர்ஷேவில் 2024இன் உலக சாம்பியன். ரோலண்ட் நிஸானுக்குத் திரும்பிப் போய் 2025இன் உலக சாம்பியன். நாற்றங்கால் இவர்களுடையது, கதிர் அறுத்தது வேறு வயல்.

ஹுசைன் சாகர் கரையில்

2023 பிப்ரவரி 11. ஹைதராபாத், ஹுசைன் சாகர் ஏரிக் கரை. 2013இல் நொய்டா அருகே நடந்த ஃபார்முலா 1க்குப் பிறகு இந்திய மண்ணில் ஓர் உலகப் பட்டப் பந்தயம். மஹிந்திராவுக்குச் சொந்த வீட்டுக் கல்யாணம். அந்த ஆண்டுதான் மூன்றாம் தலைமுறைக் காரும் வந்திருந்தது. 350 கிலோவாட் பலம். முன்னும் பின்னும் மோட்டார்கள் சேர்ந்து பிரேக்கில் 600 கிலோவாட் வரை திருப்பி எடுக்கும். பின்சக்கரத்துக்கு வழக்கமான பிரேக்கே கிடையாது, மோட்டார்தான் பிடிக்க வேண்டும். பந்தயத்தில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படித் திரும்பி வருவது. புளியரை டீக்கடையில் டிரைவர் அண்ணாச்சி சொன்ன சம்பாத்தியம் இதுதான்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வேறு ஆளாகிப்போனார். ஜெயித்தவர் பிரான்சின் ஜான் எரிக் வெர்னே. மஹிந்திராவுக்கு மேடை கிடைக்கவில்லை. இரண்டு வாரத்தில் கேப் டவுனில் அதைவிட மோசம். பின்சக்கர சஸ்பென்ஷன் நம்பத்தக்கதாக இல்லை என்று தெரிந்ததும் தகுதிச் சுற்றுக்கு முன்பே கார்களை விலக்கிக்கொண்டார்கள். இவர்களிடம் மோட்டார் வாங்கிய ஆப்ட் குப்ரா அணியும் விலகியது. ஆண்டு முடிவில் பதினோரு அணிகளில் பத்தாம் இடம். மறு ஆண்டு ஹைதராபாத் பந்தயமே ரத்தானது.

பெரிய பெயர்கள் இதைவிடச் சிறிய காரணங்களுக்கு மூட்டை கட்டியிருந்தன. ஆடியும் பிஎம்டபிள்யூவும் 2021இல் போயின, மெர்சிடிஸ் 2022இல். மஹிந்திரா போகவில்லை. தில்பாக் கில் விலகிய இடத்துக்கு, சர்வதேச அமைப்பில் இருந்த ஃப்ரெடரிக் பெர்ட்ரான்ட் வந்தார். இங்கிலாந்தின் பான்பரியில் இருக்கும் பட்டறையில் சஸ்பென்ஷனிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி தொடங்கினார்கள். டி வ்ரீஸும் எடுவார்டோ மோர்த்தாராவும் ஓட்டினார்கள். 2024-25 முடிவில் நான்காம் இடம். கேப் டவுனில் கார்களைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் இரண்டே ஆண்டில் ஏறிய ஏற்றம் இது.

இந்த வரிகளை எழுதுவதற்கு முந்தின நாள் நண்பர் ஒருவரின் மின்சாரக் காரில் கோட்டைவாசல் வரை போய்த் திரும்பினேன். ஏறும்போது திரையில் எண்கள் மளமளவென்று குறைந்தன. இறங்கும்போது அவர் பிரேக்கைத் தொடவே இல்லை; வளைவுகளில் கார் தானாகவே பிடித்துப் பிடித்து இறங்கியது. 61 என்று காட்டியது எஸ் வளைவு தாண்டியதும் 62 ஆனது. ஒரே ஒரு எண். டீக்கடையில் நிறுத்தி அண்ணாச்சியிடம் காட்டலாம் என்று பார்த்தேன். லோடு ஏற்றிக்கொண்டு கொல்லம் போயிருக்கிறார் என்றார்கள்.

பந்தயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதில் எவ்வளவு சாலைக்கு வந்தது? செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்துக்கும், ஒரு காரின் பெயரிலிருந்து ஓர் எழுத்து காணாமல் போன வழக்குக்கும் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)